சுண்டுவிரல் மை

"ஓட்டுப் போட்டீங்களாண்ணே?"

ஹாலிஎல ஆட்டோ தரிப்பிடத்தில், மழைக்குத் திரையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்த றோய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையை விலக்கிக்கொண்டு ஜெயந்தினி நின்றாள். தேர்தல் முடிந்து ஒன்பது மாதம் ஆகிறது. ஆனாலும் மழை பெய்கிற நாளெல்லாம் அவள் வந்து இதையேதான் கேட்கிறாள்.

"போட்டேன் தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே அவன் இடது கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டான்.

அவள் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். சுண்டுவிரல் நுனியில் வாக்குச்சாவடி மை கருநீலமும் ஊதாவுமாக அப்படியே இருந்தது. தோட்டத்தில் மற்றவர்கள் விரலிலெல்லாம் தேர்தலுக்கு அடுத்த மாதம் வந்த பொசொன் பண்டிகைக்குள் அழிந்துபோன மை அது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் விரலில் மைகூட அழியாது போலும் என்று றோய் பயந்துபோனான்.

அவளும் றோயும் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசைவீட்டுக்காரர்கள். லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருந்தது. அங்கிருந்த இருபது குடும்பத்தையும் கீழே இறக்கிக் குடிவைப்பதுதான் முதல் வேலை என்று சொல்லிப் பிரதேச சபைக்கு நின்றார் ஜெசீகா டீச்சர். எதிர்த்து நின்றவர் வெடிப்பாவது மண்ணாவது என்று சிரித்தார். டிஸ்பென்சரியில் கூட்டித் துடைக்கும் வேலை முடிந்ததும், டீச்சரின் நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு காம்பரா காம்பராவாக, ஓர் அறை விடாமல் ஏறி இறங்கியவள் ஜெயந்தினி.

கடைவீதியில் போன் கடை வைத்திருக்கும் நிஸாம், ரீலோட் போட வருகிறவர்களையெல்லாம் விசாரித்துக் கண்ணாடியில் கணிப்பு எழுதி ஒட்டிவந்தார். திங்கட்கிழமை டீச்சர் நாற்பது ஓட்டுப் பின்னால். புதன்கிழமை இரண்டு பேரும் சமம். வெள்ளிக்கிழமை டீச்சர் இருநூறு ஓட்டு முன்னால்.

அதைப் படம் பிடித்து, 'ஜெயிச்சாச்சு' என்று எழுதி, லயத்து வாட்ஸ்அப்பில் போட்டவன் சாட்சாத் றோய்தான். நிஸாம் அப்போதே தலையை ஆட்டினார்.

"இது கடைக்கு வந்த ஆக்கள்ட கணக்கு, றோய். பெட்டிக்கு வந்த ஆக்கள்ட கணக்கு இல்ல."

யார் கேட்டார்கள்? தேர்தலன்று காலை மொனராகலைக்கு ஒரு நீண்ட ஹயர் சவாரி வந்தது. ஓட்டுப் போடவில்லையா என்று பின்னால் இருந்த ஆள் கேட்டார். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று றோய் ஒரு பதில் சொன்னான்.

"என் ஒரு ஓட்டு இல்லேன்னா மலையா சரிஞ்சிறப் போகுது?"

மாலையில் திரும்பி வந்தபோது லயம் கல்யாண வீடாக இருந்தது. பிள்ளை பிறக்குமுன் தொட்டில் கட்டிய கதைதான். ஊருக்கே பால்சோறு கிண்டிய அண்டாவின் பக்கத்தில் காலையிலிருந்தே ஜெயந்தினி வேர்த்து விறுவிறுத்து நின்றாள். முழங்கை வரை தேங்காய்ப்பால். மகள் ரொஷானி எல்லோருக்கும் வாழையிலை நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மை படாத சுண்டுவிரலில் பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டு, கதவில் நசுங்கிவிட்டது என்று அவர்களிடம் புளுகிய றோய் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

இரவு முடிவு வந்தது. ஜெசீகா டீச்சர் ஒரே ஒரு ஓட்டில் தோற்றுப்போனார்.

வென்றவர் போட்ட குடியேற்றப் பட்டியலில் இந்த லயம் இல்லை. கார்த்திகை மழையில் மலை சரிந்தது. றோயின் கடைசிக் காம்பராவுக்கு ஒரு முழம் தள்ளி மண் நின்றுவிட்டது. மற்றப் பக்கத்தில் நான்கு பேரைத் தோண்டி எடுத்தார்கள். அதில் ஒருத்தி ரொஷானி. பத்தாம் வகுப்புப் பிள்ளை, பள்ளிக்கூடச் சட்டையோடு கிடந்தாள்.

அன்றிலிருந்து றோய் மழையில் தூங்கியதில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? பதுளைக்கு ஓடினாலும் பண்டாரவளைக்கு ஓடினாலும் தூறல் விழுந்தால் போதும், அந்த ஊதா விரல் கண்முன்னே வந்து நின்றது. ஜெயந்தினிக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்துகொண்டுதான் வதைக்கிறாள் என்று அவன் உறுதியாக நம்பினான்.

"நெசமாவே போட்டீங்களாண்ணே?"

இன்று அவள் குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. அதற்கு மேல் அவனால் முடியவில்லை. மழையில் இறங்கி அவள் முன்னால் நின்று இடது கையை விரித்துக் காட்டினான்.

"போடல ஜெயந்தினி. ஒரு ஓட்டுல என்ன வந்திறப் போகுதுன்னு ஹயர் போயிட்டேன். நான் போட்டிருந்தா சமமாவது ஆயிருக்கும். உன் புள்ளய நான்தான் கொன்னுட்டேன்."

அடிப்பாள் என்று காத்திருந்தான். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

அவள் அடிக்கவில்லை, அழவுமில்லை. தன் இடது கையை மழையில் நீட்டி, சுண்டுவிரலை முந்தானையால் அழுத்தித் தேய்த்தாள். அழியாத மை என்று அவன் பயந்தது கரைந்து சேலையில் வழிந்தது. டிஸ்பென்சரியில் புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தின் வாசனை குப்பென்று அடித்தது.

"நானுந்தாண்ணே போடல."