ஆனிபாலுக்கு ஒரு மாத்தே

அப்பாவையே பேயாக்கிக் கதை எழுதியவன் ஆனிபால். அன்றோடு தம்பியுடன் பேச்சை நிறுத்தியவர் எவரிஸ்தோ. ஆனாலும் இணையக் கலைக்களஞ்சியத்தில் அவனைப் பற்றி வந்த கட்டுரையைச் சரிபார்க்க, பைசாந்து நகரத்து வீட்டில் கோட்டு அணிந்து உட்கார்ந்தார்.

மகள் ஸுல்மா படித்தாள். "'பின்கட்டு அறையில், அண்ணனிடம் மாத்தே தேநீர் கேட்டுக்கொண்டே இறந்தார்.' என்னப்பா இது?"

"புளுகு. 'குடும்பத்தார் சூழ இறந்தார்'னு திருத்து."

திருத்தினாள். சற்று நேரத்தில் பழைய வரியே திரும்பி வந்திருந்தது. மறுபடி திருத்தினாள், மறுபடி வந்தது.

"எந்த வேலையத்தவன் இதைப் போடுறான்? சித்தப்பா போன அன்னிக்கு வீட்ல நீங்க மட்டும்தானேப்பா இருந்தீங்க?"

எவரிஸ்தோ எழுந்து சமையலறைக்குப் போனார். சுரைக்குடுவையில் மாத்தே போட்டு, பின்கட்டு அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"யாருக்குப்பா அது?"

"உன் வேலையப் பாரு."

சற்று நேரம் கழித்துத் திறந்தபோது குடுவை காலியாக இருந்தது. மாத்தே வழக்கத்தில், குடித்தவர் நன்றி என்று சொன்னால்தான் போதும் என்று பொருள். அதுவரை ஊற்றிக்கொண்டே இருப்பது முறை. எவரிஸ்தோ அறை வாசற்படியில் விறைப்பாக நின்று காத்திருந்தார். உள்ளேயிருந்து நன்றி வரவில்லை.

மறுபடி ஊற்றினார்.