விலகியோர் பட்டியல்

எங்கள் ஆபீஸில் யார் போனாலும் பெயரை அழிப்பதில்லை. ஊழியர் டைரக்டரியில் ‘இருப்போர்’ பட்டியலிலிருந்து ‘விலகியோர்’ பட்டியலுக்கு மாற்றுவோம். அது என் வேலை. போன வாரம் இறந்துபோன மேனேஜரையும் நான்தான் மாற்றினேன். மீதி 212 பேர்.

திங்கட்கிழமை, டைரக்டரியில் தேட நான் எழுதிய புரோகிராம், இருப்போர் 213 என்றது. கூடுதலாக வந்தவர் மேனேஜர். நானா விடுவேன்? மறுபடி மாற்றினேன். செவ்வாயும் 213. மறுபடி மாற்றினேன்.

“பழைய டேட்டாவா இருக்கும், விடு,” என்றாள் பக்கத்து சீட் அக்கா.

இன்று 212. அப்பாடா என்று பெயர்களைப் பார்த்தேன். மேனேஜர் இருந்தார். நான் விலகியோரில் இருந்தேன். ‘மாற்றியவர்’ என்ற இடத்தில் அவர் பெயர்.

“அக்கா,” என்றேன். திரும்பவில்லை.

மேனேஜர் அறையைப் பார்த்து, “இதோ வந்துட்டேன் சார்,” என்று எழுந்து போனாள்.