திங்கட்கிழமை வரைக்கும்

"ஐயோ நீலா, இப்டி ஆயிட்ச்சேடி!" என்று வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தாள் எதிர்வீட்டுப் பூவம்மாள்.

செத்த வீட்டுக்கு வருகிறவள் மாதிரி வந்தாள். தோளில் குத்தின ஊசியைக்கூட எடுத்து வைக்கவில்லை. அதில் கோத்த கருப்பு நூல் முந்தானையோடு ஆடிக்கொண்டிருந்தது. தையல் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள், பாவம்.

இத்தனைக்கும் அந்த வீட்டில் யாரும் சாகவில்லை. நீலாம்பாளின் மகள் அகிலா, எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியை நடுவில் விட்டுவிட்டாள். அவ்வளவுதான்.

ஏன் விட்டாள் என்பது தாய்க்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும்.

லா காலேஜில் சீட் கிடைத்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை முதல் வகுப்பு. அதுவரைக்கும் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள் நீலாம்பாள்.

பிளஸ் டூ முடித்தபோது, நர்சிங் சீட் வந்துவிட்டது என்று தெருவுக்கே மைசூர்பா கொடுத்தவள் அவள். மறுவாரம் வந்த லிஸ்ட்டில் அகிலா பேர் இல்லை. லிஸ்ட் போட்டவர்களை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மைசூர்பா தின்றவர்களின் கண்ணைத்தான் இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அதனால் இந்த முறை சந்தோஷத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

நிஜமாகவே பூட்டிவிட்டாள். பழைய புடவைகளுக்கு அடியில் புதுக் கருப்புக் கோட்டு ஒன்று இருந்தது. சேர்ந்ததும் சேராததுமாகக் கோட்டு எதுக்கும்மா என்று மகள் சிரித்ததை அவள் காதில் வாங்கவில்லை. தெருக்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்று பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம், முன்பின் தெரியாத ஒரு பாய் கடையைத் தேடிப் போய், அகிலாவின் பச்சை டாப்பை அளவுக்குக் கொடுத்துத் தைத்து வாங்கினாள்.

சந்தோஷத்தை மறைத்துவிடலாம், கண்ணுங்களா. காலேஜ் பஸ்ஸில் ஏறாத பெண்ணை எங்கே மறைப்பது?

ஒரே வாரத்தில் தெரு அகிலாவை ஃபெயிலாக்கியது. அப்புறம் காலேஜிலிருந்து துரத்தியது. நேற்று ஒரு பையனையும் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டது. பேர் தர்மனாம். அப்படி ஒருத்தனை அகிலாவுக்குத் தெரியவே தெரியாது.

நீலாம்பாளுக்கு உள்ளூர நிம்மதிதான். இவ்வளவு அசிங்கப்பட்ட வீட்டின்மேல் எவள் கண்ணு படப்போகிறது?

அகிலா மட்டும் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பூவம்மாள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். எதிரே அவள் வீட்டை ஒட்டித் தெருமுனைத் தண்ணி டேங்க். குடத்தோடு நின்ற பெண்களுக்கு அவள் முகமும் தெரியும், குரலும் கேட்கும்.

"நாளைக்கு பொண்ணு பாக்க வரவங்க கிட்ட இன்னான்னுடி சொல்லுவே? படிப்பு ஏறலன்னு சொல்லுவியா, அந்தப் பையன் கதைய சொல்லுவியா?"

"பெரிம்மா, கொஞ்சம் மெதுவா பேசேன்" என்றாள் அகிலா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"இன்னாத்த மெதுவா பேசறது! ஊரே பேசிக்கினு இருக்குது. எம் பொண்ணு சிம்ரன் பத்தாவதோட நின்னாலும், மானமா கம்பெனி பஸ்ஸு ஏறிப் போவுதும்மா!"

டேங்கடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்தது. குழாயை மூட ஆளில்லை.

அகிலா எழுந்தாள். நேராகப் போய்ப் பீரோவைத் திறந்தாள்.

"வேணாம்டி" என்று நீலாம்பாள் எழுவதற்குள், புடவைக்கு அடியிலிருந்து கோட்டின் கருப்புக் கை வெளியே வந்து தொங்கியது.

பூவம்மாள் எழுந்த வேகம் அவள் வயசுக்கு அதிகம். வாசலுக்கு முதுகைக் காட்டி மறைத்து நின்றாள். தொங்கின கையை மடித்து உள்ளே தள்ளினாள். பீரோவைச் சாத்தினாள்.

அவ்வளவு நேரம் அழுத கண்ணில் ஈரமே இல்லை.

"ரெண்டாவது பட்டன் போடறப்ப இழுக்காத கண்ணு" என்றாள், அகிலாவின் காதோடு. "காஜா கொஞ்சம் இறுக்கமா வந்துட்ச்சு. கருப்புத் துணியில கருப்பு நூலு, எனக்கு சரியா தெரியல."

நீலாம்பாள் வாயைத் திறந்தாள். "உனக்கு எப்டி..."

"அந்த பாய் கடைக்கு நான்தான்டி காஜா எடுக்கறேன். கூடவே வெச்சிருந்தாங்க, அகிலாவோட அளவு டாப்பு. போன தீபாவளிக்கு நான் தெச்சதாச்சே அது. திங்கக்கிழமக்குள்ள வேணும்னு அவசரம் வேற."

சொல்லிவிட்டு நிற்கவில்லை. காய்ந்த கண்ணை முந்தானையால் அழுந்தத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். குடங்கள் எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

டேங்க் வரைக்கும் கேட்கிற மாதிரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமலருந்து ஏதோ துணிக்கடையில வேலைக்கு அனுப்பறாங்களாம்மா. தெனிக்கும் வெள்ள சட்ட, கருப்பு பேண்ட்டு போட்டுக்கினு போவணுமாம். எல்லாம் அதோட தலையெழுத்து!"