மில்லுக்குப் போகும் ஆட்டோ

சிறையிலிருந்து திரும்பிய கருத்தபாண்டிக்கு நூல் மில்லில் வேலை கிடைத்தது. ஊருக்குப் பேருந்து கிடையாது. மில்லுக்குப் போக இருந்தது செண்பகம் ஓட்டும் ஷேர் ஆட்டோ ஒன்றுதான். வாய்க்கால் தகராறில் அவன் வெட்டிக் கொன்றது அவளுடைய புருஷனை. அதனால் நடந்தே போனான். பின்னால் ஆட்டோ சத்தம் கேட்டால் சாலையோரத்துக் கருவேல மரங்களுக்குள் இறங்கி, அது கடந்துபோகும்வரை முதுகைக் காட்டி நின்றுகொள்வான். எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் ஷிப்டுக்குப் பிந்தியது. இன்னொரு நாள் பிந்தினால் வேலை இல்லை என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஆட்டோ கடந்துபோகவில்லை. அவனுக்குப் பின்னால் வந்து நின்றது.

"ஏறு."

"வேண்டாம் மதினி, நடந்துருவேன்" என்றான் திரும்பாமலே.

"மதினின்னு கூப்பிடாத. உம்பொண்டாட்டி நேத்து வந்து எங்கிட்ட அழுதா. ஏறு."

உள்ளேயிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தி நகர்ந்துகொண்டார்கள். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் வேட்டி மடிப்புக்குள் புதைத்துக்கொண்டான். மில் வாசலில் இறங்கியவனால் தலை நிமிர முடியவில்லை.

"நாளைக்கு ரோட்டு மேல நில்லு" என்றாள் செண்பகம். "முள்ளுக்குள்ள தேடிக்கிட்டு இருக்க முடியாது."