அருள்புரத்தில் ஒரு மலைப்பூச்சி

"இதை ஆரு கொண்டாந்து வெச்சீங்கன்னு இப்பவே சொல்லிப்போடுங்க. அப்புறமாத் தெரிஞ்சுதுன்னா நல்லா இருக்காதுங்க."

முதலாளி சிவசுப்பிரமணியத்தின் கையில் அன்றைய செய்தித்தாள் இருந்தது. செக்கிங் மேஜைகளில் பனியன்களைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் யாரும் நிமிரவில்லை.

சன்னல் கம்பியில் அந்தப் பூச்சி அசையாமல் உட்கார்ந்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்து வைத்த அகலம். செம்மண் நிறம். இறக்கை நுனிகள் பாம்பின் தலை மாதிரி வளைந்திருந்தன.

கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்த கல்லூரி ஆசிரியை ஒருவர் அதைப் படமெடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். மலைக்காட்டில் மட்டுமே வாழும் அந்துப்பூச்சி அருள்புரம் வட்டாரத்தில் காணப்படுவது இதுவே முதல் முறை என்று போட்டிருந்தார்கள். கம்பெனியின் பெயரும் வந்திருந்தது.

நாளைக் காலையில் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் சரக்குப் பார்க்க வருகிறார். பெட்டிக்குள் ஒரு எறும்பு கிடந்தாலே மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புகிறவர். அந்துப்பூச்சி என்றால் கேட்கவே வேண்டாம்.

தானாகப் பறந்து வந்திருந்தால் மருந்தடித்துவிட்டு மறந்துவிடலாம் என்றார் முதலாளி. யாராவது கொண்டுவந்து வளர்த்திருந்தால் எந்த பண்டலில் எத்தனை முட்டை கிடக்கிறதோ தெரியாது; கொண்டுவந்த ஆளை வேலையில் வைத்துக்கொள்ள முடியாது.

சீனியம்மாள் ஓரக்கண்ணால் பக்கத்து மேஜையைப் பார்த்தாள். பனியனைப் பிடித்த அனுசுயாவின் கை அப்படியே நின்றிருந்தது.

காய்ந்த இலை சுற்றிய கூடு ஒன்றை வேஸ்ட் நூலால் அந்தக் கம்பியில் அனுசுயா கட்டித் தொங்கவிட்டதைச் சீனியம்மாள் மட்டும் பார்த்திருந்தாள். எதற்கு என்று கேட்டபோது, "சும்மாக்கா" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள்.

அனுசுயாவுக்கு இது ஐந்தாம் மாதம். புருஷன் ஆரோக்கியராஜ் கையில் அடிபட்டு வீட்டோடு கிடக்கிறான். அவனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளுக்குப் பிறந்த வீடும் இல்லை. இந்த வேலையும் போனால் சோற்றுக்கு வழியில்லை.

அப்போது வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். அந்த வெயிலிலும் கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தார். கையில் அதே செய்தித்தாள்.

"பேப்பர்ல பார்த்தேன். அந்தப் பூச்சியைப் பார்க்கணும்."

"காலேஜுங்களா? பாரஸ்ட் ஆபீசுங்களா?" என்றார் முதலாளி.

"வால்பாறையிலருந்து வர்றேன்."

முதலாளிக்கு அதுவே போதுமாக இருந்தது; மலைக்காட்டு ஆபீசர்தான் என்று எண்ணிக்கொண்டார். நாற்காலி போடச் சொன்னார். டீ வாங்கிவர ஆளை அனுப்பினார். பெரியவர் உட்காரவில்லை. நேராகச் சன்னலுக்குப் போனார்.

அனுசுயா எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். வேலை போகிற பயம் எப்படி இருக்கும் என்று சீனியம்மாளுக்குத் தெரியும்.

பெரியவர் வெகுநேரம் பூச்சியையே பார்த்தார். பிறகு கம்பியில் தொங்கிய வெறுங்கூட்டைத் தொட்டார். அதைக் கட்டியிருந்த முடிச்சை விரலால் தடவினார். நூலைப் பார்த்துவிட்டார். இனி எதை மறைப்பது?

"துணியத் தின்னுங்களா இது?" என்று பின்னாலிருந்து கேட்டார் முதலாளி.

"இதுக்கு வாயே கிடையாது. கூட்டை விட்டு வந்த பிறகு ஒண்ணும் தின்னாது. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போயிரும்."

முட்டையைப் பற்றிக் கேட்டார் முதலாளி. சோடி இல்லாத பூச்சியின் முட்டை பொரியாது, பொரிந்தாலும் புழு மரத்து இலையைத்தான் தின்னும், பனியனைத் தொடாது என்றார் பெரியவர்.

"அப்புறம் எப்படிங்க இங்க வந்துச்சு? ஆரோ கொண்டாந்து வெச்சாத்தானுங்களே?"

பெரியவரின் கை கூட்டின்மேல் மூடியது. நூல் அறுந்ததைச் சீனியம்மாள் பார்த்தாள். மூடிய கை ஸ்வெட்டர் பைக்குள் போய் வெறுங்கையாகத் திரும்பியது.

"யாரும் கொண்டு வரல. தானா வந்தது."

"அவ்வளவு தூரமுங்களா?"

"வெளிச்சத்தைப் பார்த்து வரும்." அவர் திரும்பாமல் சன்னலைப் பார்த்தே பேசினார். "எங்க வீட்டு வாசல் மரத்துல இது உண்டு. வாசல் லைட்டை நான் அணைக்கிறதே இல்ல. அதுவரைக்கும் வந்துட்டு, பயந்துக்கிட்டு வெளியவே நின்னு திரும்பிப் போக வேண்டியதில்ல. கதவைச் சும்மாதான் சாத்தி வச்சிருக்கோம். தள்ளிக்கிட்டு உள்ள வரலாம்."

மலைக்காரருக்குப் பூச்சியின் மேல் இத்தனை பிரியமா என்று முதலாளி புன்னகைத்தார். பையரிடம் தைரியமாகச் சொல்லலாமா என்று மட்டும் கேட்டுக்கொண்டார். சொல்லுங்கள் என்றார் பெரியவர்.

வந்த டீயை அவர் தொடவில்லை. போகிற வழியில் அனுசுயாவுக்கு எதிரே ஒரு கணம் நின்றார். அவள் வயிற்றைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

முதலாளியும் ஆபீஸ் அறைக்குப் போன பிறகு, சீனியம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏட்டி, முடிச்சைப் பார்த்தும் உன்னைக் காட்டிக் கொடுக்கலையே. முன்னப்பின்ன தெரியாதவளுக்காக எந்த ஆபீசர் பொய் சொல்லுவாரு?"

அனுசுயா கம்பியில் மிச்சமிருந்த நூலைத் தடவினாள்.

"போன மாசம் வால்பாறைக்குப் போனேன்க்கா. கதவைத் தட்டப் பயந்துக்கிட்டு, வாசல் மரத்துல இருந்த கூட்டை மட்டும் பறிச்சுக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன்" என்றாள். "அவர் ஆபீசர் இல்லக்கா. எங்கப்பா."