சந்தேகம் தீர்ந்த செய்தி

முதல் பீரியட் குடிமையியல். மாலையில் வெளியாகப்போகும் செய்தி வழக்கம்போல் காலையிலேயே வகுப்புத் திரைக்கு வந்துவிட்டது. மாணவர்கள் அதில் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தால் மதிப்பெண். யாருக்கும் சந்தேகம் வராத செய்திதான் ஊருக்குப் போகும்.

‘ரசாயன ஆலையில் நேற்றிரவு தீ. உள்ளே யாரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை.’

“யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்றார் உமையாள் டீச்சர்.

ஜெசிந்தா எழுந்தாள். “எங்கப்பாவுக்கு அங்கதான் நைட் ஷிஃப்ட், டீச்சர். இன்னும் வீட்டுக்கு வரல. போனும் எடுக்கல.”

டீச்சரின் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா? இத்தன பேர்ல ஒருத்தருக்கும் இது தோணல. முழு மார்க் உனக்கு. உக்காரும்மா.”

அவள் உட்காருவதற்குள் செய்தியில் ஒரு வரி கூடியிருந்தது. ‘இரவுப் பணிக்கு வந்த ஊழியர் ஒருவர், தீப்பிடிப்பதற்கு முன்பே வேறொரு பெண்ணுடன் ஊரைவிட்டுப் போய்விட்டார்.’

“இப்ப யாருக்காவது சந்தேகம் இருக்கா?”

ஒரு கையும் உயரவில்லை. மறுபடி எழப்போன ஜெசிந்தாவை, பக்கத்திலிருந்த சிநேகிதி மும்தாஜ் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மும்தாஜின் கண்கள் கலங்கியிருந்தன.

“உங்கப்பா இப்படிப் பண்ணுவாருன்னு நான் நெனக்கவே இல்லடி.”