ஒல்லி ஸ்டெப்னி

"உயிரைவிட உனக்குப் பொட்டி படுக்கைதான் பெருசா?" என்றார் பெரியவர்.

"ஆமா மாமா. டிக்கி காலியா இருக்கணும். எனக்கு இடம் வேணும்," என்றாள் மருமகள்.

டயர் கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வாசலில் நின்றது புத்தம் புதுக் கார். ஸ்டெப்னி இல்லாமலே விற்றிருந்தார்கள். (உதிரிச் சக்கரம் என்று நல்ல தமிழில் கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது.) அதற்குப் பதிலாக ஒரு நுரை டப்பா. பஞ்சரானால் டயருக்குள் பீய்ச்சிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாமாம். சக்கரம் வைக்க டிக்கிக்கு அடியில் குழிகூடக் கிடையாது. வாங்கினால் அது டிக்கிக்குள்ளேயேதான் படுக்க வேண்டும்.

நாளை கடலுக்குப் போகிறார்கள். பெரியவர் மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதிலிருந்து, மகனும் மருமகளும் எங்கேயும் போனதில்லை. இந்தத் தடவை மூவருமாகப் போவதாக ஏற்பாடு.

"டப்பா போதும் மாமா."

"நுரை வர்றதெல்லாம் பல்லு விளக்கத்தான் லாயக்கு. டயரு பக்கவாட்டுல கிழிஞ்சா நுரையா தாங்கும்? சக்கரத்தைப் பத்தி என்கிட்டயே பேசுறியே! எந்நேரமும் சக்கரத்து மேலேயே உட்கார்ந்திருக்கிறவன் நான்." தன் சக்கர நாற்காலியை ஒரு தட்டுத் தட்டினார்.

மகன் இந்த உலகத்திலேயே இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளம் தூங்கிவிட்டால் வலிக்காது என்பது அவன் கண்டுபிடிப்பு. டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து, பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். முக்கி வைத்த டியூபிலிருந்து குமிழிகள் சோம்பலாக மேலே வந்தன. தொட்டியில் விழுந்த வெயில் கூரையில் போய் அலையடித்தது. கண்ணைக் கொஞ்சம் செருகினால் கடலேதான். ரப்பர் வாசனைகூட உப்பு வாசனையாகிக்கொண்டிருந்தது. மனைவி நாலடி முன்னால் மணலில் நடந்து போனாள். திரும்பி அவனைப் பார்த்து—

"என்னங்க! முழிச்சுக்கிட்டே தூங்காதீங்க. ஏதாவது சொல்லுங்க."

"அலை... இல்ல, அப்பா சொல்றது சரிதான். நீ சொல்றதும் சரிதான்."

கடைக்காரர் உள்ளே போய் ஒரு மெலிந்த சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். "ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு. ஒல்லி ஸ்டெப்னி. எண்பதுக்கு மேல ஓட்டக் கூடாது. ஆனா இடத்தை அடைக்காது."

மருமகள் அதை டிக்கியில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். மிச்ச இடத்தைச் சாண் போட்டு அளந்தாள். முகம் மலர்ந்தது. "இது போதும்."

பெரியவரும் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து அதே இடத்தை அளந்தார். முகம் சுருங்கியது.

"இது சக்கரமா, வளையலா? வீட்டுல நொண்டி நான் ஒருத்தன் போதாதா, வண்டியும் நொண்டணுமா? பெருசையே போடுங்க."

"மாமா, பொட்டி வைக்கணும்..."

"பொட்டியாம் பொட்டி! ஊரையே காலி பண்ணிட்டா போறோம்?"

கடைக்காரர் மனசுக்குள் தீர்ப்பை எழுதி முடித்திருந்தார். "பெரியவர் சொல்றதுதாம்மா நியாயம். துணிமணி இன்னைக்கு வாங்கலாம், நாளைக்கு வாங்கலாம். உயிரை வாங்க முடியுமா?"

மருமகள் டிக்கியை விட்டு விலகி நின்றாள். பெரிய சக்கரம் டிக்கியில் ஏறியது.

கடையிலிருந்து கிளம்பும் நேரம். மகன் அப்பாவைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்தான். நாற்காலியை மடித்து டிக்கிக்குக் கொண்டுபோனான். பின் சீட்டுக் கதவில் அது நுழையாது என்பது காரை வாங்கிய அன்றே தெரிந்த விஷயம். படுக்கவைத்தான். நிமிர்த்தினான். சாய்த்தான். டிக்கி மூடவில்லை.

"அடடா!" என்றது முன் சீட்டு. தலை திரும்பவே இல்லை. "நாற்காலி நுழையலையா? இதை நான் யோசிக்கவே இல்லையே! சரி விடு, நாளைக்கு நீங்க ரெண்டு பேர் மட்டும் போயிட்டு வாங்க. பக்கத்து வீட்டு வாத்தியார் என்கூடச் சதுரங்கம் ஆட வர்றார். சாப்பாடும் அவரே கொண்டு வர்றேன்னுட்டார்."

"எப்போ சொன்னார் மாமா?"

"நேத்து."

சொன்ன பிறகுதான் பெரியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தொட்டியில் ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது. மகன் அப்போதுதான் உண்மையிலேயே விழித்துக்கொண்டான். "அப்பா, எங்களைத் தனியா அனுப்பத்தான் இவ்வளவு நாடகமா?"

"கடலை நான் எவ்வளவோ பார்த்தாச்சுடா," என்றார் பெரியவர், எதிரே கண்ணாடியைப் பார்த்தபடி. "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்துத்தான் ரொம்ப நாளாச்சு."

மருமகள் கடைக்காரரிடம் திரும்பினாள்.

"பெருசை இறக்கிட்டு ஒல்லியைப் போடுங்க."

"வழியில பஞ்சரானா ஆமை மாதிரிதான் போகணும்," என்று முன் சீட்டு கடைசியாக ஒரு தடவை மிரட்டிப் பார்த்தது.

"போவோம். கடல் என்ன, எந்திரிச்சு ஓடிடவா போகுது?"

ஒல்லிச் சக்கரம் ஓரமாகப் படுத்துக்கொண்டது. அதன் பக்கத்தில் நாற்காலி, அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தியது. டிக்கி மூடியது.

கடைக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏம்மா, இப்போ டிக்கியில விரல் நுழைய இடமில்லையே. அவ்வளவு பொட்டியையும் எங்கே வைப்பீங்க?"

"பொட்டி ஏதுங்க?" என்றபடி மருமகள் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "மூணு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு துணிப்பை. அது என் மடியில."